கார்க் கதவும் அம்மாவின் செருப்பும்

கார்க் கதவில் வைக்கும் விரலளவு ரப்பர் துண்டு ஆயிரத்து எண்ணூறு ரூபாயாம். வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர் உறையைப் பிரித்துக் காட்டினார். புது ரப்பர் வாசனை என்னை அப்பாவின் பழைய அம்பாசடரில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

அன்று குலசைக் கோயில் தசராவுக்குக் கிளம்பினோம். கதவு கடகடவென்று ஆடியதால், அம்மா காரில் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பில் அப்பா அவளுக்குத் தெரியாமல் ஒரு துண்டை அறுத்து இடுக்கில் செருகினார். குலசை வரை சத்தமே இல்லை. இறங்கிய பிறகுதான் அம்மா செருப்பைத் தேடினாள்; ஒன்றில் குதிகால் பக்கமே இல்லை. வேறு வழியில்லாமல் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்தாள்.

"என்னக்கா, செருப்பு எங்க?" என்று அங்கே வந்திருந்த சித்தி கேட்டாள்.

"நேர்த்திக்கடன்ளா" என்றாள் அம்மா, அப்பாவை முறைத்தபடி.

நான் ரப்பரை வாங்காமலே வீடு திரும்பி விலையைச் சொன்னேன். இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கும் என் மனைவி, வாசலுக்குப் போய்த் தன் செருப்பை உள்ளே எடுத்துவைத்தாள்.