கெடு வைக்காத வேண்டுதல்

ஷார்ஜாவில் குளிர் உண்டு என்று சொன்னால் மதுரையில் யாரும் நம்பமாட்டார்கள். "பாலைவனத்துல ஏதுய்யா குளிரு?" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான், அங்கே போய் இறங்கிய முதல் தை மாதம் வரை. வடக்கிலிருந்து காற்று கிளம்பிவிட்டால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. குளித்துவிட்டு வரும்போது பல் தந்தியடிக்கும். ரோலா கடைத்தெருவில் ஒரு கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவும் வாங்கினேன். அவற்றைப் போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து என் மனைவி, "பாரா டூட்டிக்குப் போற கூர்க்கா மாதிரியே இருக்கீங்க" என்றாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஒப்பந்தம் தயாரிக்கிற வேலை எனக்கு. என்ன வேலை, எந்தத் தேதிக்குள், முடிக்காவிட்டால் என்ன தண்டம் என்று வரி வரியாக எழுதவேண்டும். காலக்கெடு போடாத ஒப்பந்தத்தைக் குப்பையில் போடு என்று எனக்குக் கீழே இருந்த பையன்களை விரட்டியிருக்கிறேன். இந்தப் பெருமையை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

வாரத்தில் லீவு வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அன்று நான் மீன்பிடிக்கப் போவேன். ரோலாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கோர் இருந்தது. கடல் ஊருக்குள் புகுந்து ஏரி மாதிரி அடங்கிக் கிடக்கும் நீர் அது. அலை கிடையாது. குளிர்காலத்தில் அதில் மடவை மீன் கூட்டமாக வந்து, வெயில் விழுகிற கரைச்சுவர் ஓரமாக ஒதுங்கி நிற்கும். மடவைக்குப் புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். பேக்கரியில் வாங்கிய குபூஸ் ரொட்டியைப் பிய்த்து, ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டுப் பிசைந்து, பட்டாணி அளவுக்கு உருட்டி தூண்டில் முள்ளில் செருகினால் போதும். பெருங்காயம் என் கண்டுபிடிப்பு. மனைவிக்கு அதில் கடும் கோபம். ஊரிலிருந்து வந்த பெருங்காயம் ரசத்துக்கு இல்லாமல் கோருக்குப் போகிறதே என்று டப்பாவை இடம் மாற்றி மாற்றி வைப்பாள். எங்கே வைத்தாலும் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும்.

குளிர் நாளில் மீனுக்கும் சோம்பல். வெயில் காலத்தில் பாய்ந்து கவ்வுகிற மீன், தை மாதத்தில் இரையை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பும். தண்ணீரில் மிதக்கிற தூண்டில் தக்கை லேசாக ஒருமுறை நடுங்கும். புதிதாக வந்தவன் அப்போதே இழுத்துவிடுவான், மீன் போய்விடும். பொறுக்கவேண்டும். தக்கை திரும்ப நடுங்கி, பிறகு மெல்லப் பக்கவாட்டில் நகரும். அப்போது மணிக்கட்டை மட்டும் திருப்பினால் போதும். என் வாழ்க்கையில் பொறுமையாக நான் செய்த ஒரே காரியம் இதுதான். ஆபீசில் நான் எரிந்து விழுகிற ஆள்.

எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. எங்கள் கம்பெனி சைட்டில் கிரேனுக்குக் கொக்கி மாட்டுகிறவர், சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஊருக்கு வெளியே கேம்ப்பில் இருந்தார். வெள்ளிக்கிழமை கம்பெனி லாரியில் ரோலாவுக்குச் சாமான் வாங்க வருகிறவர், ஒருநாள் என்னைக் கரையில் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் வாராவாரம் வந்தார். மீன்பிடிப்பதில் அவரைப் போல ஒரு மோசமான ஆளை நான் பார்த்ததில்லை. வாய் ஓயாது. தக்கை அசைந்ததும் கிரேன் தூக்குகிற மாதிரி கழியைத் தலைக்கு மேலே தூக்குவார். வெறும் முள் பறந்து வரும். "போச்சு சார், அதுக்கு ஆயுசு கெட்டி" என்று சிரிப்பார். நான் திட்டுவேன். அதற்கும் சிரிப்பார். பிடித்ததில் பாதியை அவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் ரூமில் இருந்தவர்கள் அன்று மீன்குழம்பு வைப்பார்கள்.

இப்படி இரண்டு குளிர்காலம் நன்றாகப் போயிற்று. ஆனால் எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தை இல்லை. லீவில் போகும்போதெல்லாம் மதுரையில் டாக்டர்களைப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கீழ்வீட்டு மலையாளி அம்மாள் தன் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சத்தம் கேட்டால், எங்கள் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

மூன்றாம் வருஷம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருந்தாள். கடைசி நாள் சாயங்காலம், அடுக்களை அலமாரியில் வைத்திருந்த முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"கொழந்த பொறக்குற வரைக்கும் நான் காப்பி குடிக்க மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். நீங்களும் ஏதாவது ஒண்ண விடுங்க."

காப்பியை விடுவது அவளுக்கு மூச்சை விடுவது மாதிரி. அவளுக்குக் குறையாமல் நானும் கொடுக்கவேண்டும் என்ற வேகம். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"இனிமே நான் தூண்டிலத் தொடமாட்டேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்புட்டு வேணாங்க. கொழந்த பொறக்குற வரைக்கும்னு சொல்லுங்க."

"சாமிகிட்டப் போயி பேரம் பேசுவாங்களா? சொன்னது சொன்னதுதான்."

பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். ஊர் ஒப்பந்தத்துக்கெல்லாம் கெடு எழுதியவன், என் ஒப்பந்தத்தில் அதை எழுதவில்லை. கழியையும் தக்கைகளையும் அந்த வெள்ளிக்கிழமையே கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன். அவர் வாங்க மாட்டேன் என்றார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த சஷ்டிக்கு முன்னால் மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு மதுரைக்குப் போயிருந்த மனைவி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் முதலில் குழந்தையைக் கேட்டாளாம், அடுத்ததாகக் காப்பியைக் கேட்டாளாம். அவளுடைய கணக்கு அன்றோடு நேராகிவிட்டது.

குழந்தையோடு அவள் திரும்பி வந்த பிறகு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் வடக்குக் காற்று கிளம்பியதும் கால் தானாகக் கோரின் பக்கம் போகும். கூட்டாளி என் கழியை வைத்துக்கொண்டு தண்ணீரை அடித்துக்கொண்டிருப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "புள்ளதான் பொறந்துருச்சுல்ல சார், அப்புறம் என்ன? முருகன் என்ன மேனேஜரா, வந்து செக் பண்ண?" என்பார். அப்படித்தான் எனக்கும் தோன்ற ஆரம்பித்தது.

மகள் நடக்கக் கற்றுக்கொண்டிருந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர், "ஒரு நிமிசம் புடிங்க சார், சுலைமானி வாங்கிட்டு வாரேன்" என்று கழியை என் கையில் திணித்துவிட்டு டீக்கடைக்குப் போனார். கழியைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. முள்ளில் இரை கரைந்திருந்தது. என் பக்குவத்திலேயே அவர் பிசைந்து வைத்திருந்த மாவை உருட்டிச் செருகினேன். தக்கை நடுங்கியது. பொறுத்தேன். திரும்ப நடுங்கி நகர்ந்தது. மணிக்கட்டைத் திருப்பினேன். முழங்கை நீளத்துக்கு ஒரு மடவை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் திரும்பி வந்து வாளியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். டீயை நீட்டினார்.

அன்று மாலை குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, உதடு நீலம் பாரித்து, அவள் என் மடியில் விறைத்துக் கிடந்ததை இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே பெஞ்சில் மனைவி என் கையைப் பிடித்துத் தன் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள் நிறுத்தினாள். என் விரல்களில் பெருங்காயம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் லேசில் போகாத வாசனை. அவள் என் கையை மெல்ல என் மடியிலேயே வைத்துவிட்டாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வேகத்தில் வலிப்பு வருவது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். நானும் படித்தவன்தான், புரிந்தது. ஆனால் புரிந்தது வேறு, என் மடியில் அவள் கிடந்தது வேறு. அதற்குப் பிறகு நான் கழியைத் தொட்டதில்லை.

எழுபதுகள் முடிகிற சமயம். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். வீட்டிலும் பாதிக்குப் பாதி இங்கிலீஷ். எங்கள் வீட்டுக்கு வரும் கூட்டாளி அவளுக்கு மாமா. மாமா சொன்ன மீன் கதைகளையெல்லாம் கேட்டுவிட்டு, தானும் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். "பாப்பா புடிக்கட்டும், அதுல ஒண்ணுமில்ல. நீங்க கார்லயே இருங்க" என்றாள்.

அப்போது ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். கரையை ஒட்டி நிறுத்திவிட்டு, குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்தேன். என் குரங்குக் குல்லாவை மகள் போட்டிருந்தாள், கண்வரை இறங்கியிருந்தது. கூட்டாளி அவள் பின்னால் குனிந்து நின்று, என் கழியை அவள் கையில் கொடுத்து, தான் தப்பாகச் செய்கிற எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தக்கை நடுங்கியது. "இப்ப இல்ல, இப்ப இல்ல" என்று கண்ணாடிக்குள் முணுமுணுத்தேன். "இழு பாப்பா, யல்லா!" என்று அங்கே சத்தம். வெறும் முள் பறந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். திரும்பவும் அதே. திரும்பவும் சிரிப்பு. என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

பொறுக்கமுடியாமல் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனேன். வாயால் சொல்லிக் கொடுக்கலாம், அதற்கு வேண்டுதலில் தடை இல்லை என்று வாதம் பண்ணிக்கொண்டே போனேன். மகள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கழியை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, யூ டூ இட். நீங்க புடிங்க."

என் இரண்டு கையும் கம்பளிச் சட்டையின் கைகளுக்குள் போய்விட்டன.

"அப்பாவுக்குக் குளிருதும்மா" என்றேன்.

அவள் கழியை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். கை வலித்திருக்கும், கழி தாழ்ந்தது. பிறகு மாமாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் என்னைப் பார்க்காமல் மாவை உருட்டிக்கொண்டிருந்தார். வாயால் சொல்ல நினைத்ததையும் நான் சொல்லவில்லை.

அப்புறம் கூட்டாளி ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். நாங்களும் சில வருஷங்களில் மதுரைக்கு வந்தோம். வீட்டில் மட்டும் அந்த வாக்கியம் தங்கிவிட்டது. அப்பாவுக்குக் குளிரும், அப்பாவுக்குத் தண்ணீர் ஆகாது, அப்பாவை இதற்கெல்லாம் கூப்பிடாதே. காரணத்தை அவளிடம் சொல்லலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். "உனக்காகத்தான் விட்டேன்" என்று எந்தத் தகப்பன் சொன்னாலும் அது பிள்ளையின் தலையில் பாரம். அவளா கேட்டாள்?

இப்போது அவள் இருப்பது நிஜமான குளிர் நாட்டில். வீட்டுக்குப் பின்னால் ஏரி. போன மார்கழியில் நானும் மனைவியும் போயிருந்தோம். ஏரி இன்னும் உறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் மாப்பிள்ளையும் கரையில் நாற்காலி போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை மரியாதைக்காக என்னையும் கூப்பிட்டார்.

"அவர விடுங்க. அப்பாவுக்குக் குளிர் ஆகாது, மீன் புடிக்கிறதும் புடிக்காது. எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க மாமாதான்" என்றாள் மகள்.

"ஆமா மாப்பிள்ள" என்றேன்.

ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். மனைவி காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே பார்த்தாள்.

"போயிப் புடிங்களேன். போதுங்க. அவளுக்கே தலை நரைச்சிருச்சு" என்றாள்.

அத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அன்றுதான். இதைக் கேட்பதற்காக எத்தனை தை மாதம் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. எழுந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வெளியே மகள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு முறை இருமினாள்.

"கெடு வைக்கலையே" என்றேன்.

மனைவி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே தக்கை ஒருமுறை நடுங்கியது. மகள் கழியைத் தலைக்கு மேலே தூக்கினாள். வெறும் முள் பறந்து வந்தது. அவள் சிரித்தாள், அவளுடைய மாமா சிரிக்கிற மாதிரியே.