பதினேழாம் நம்பர் வில்லை

மலைக்குப் போய் வருகிறவர்கள் எல்லோரும் அங்கே படகுத்துறையைப் பார்த்துக்கொள்ளும் என் மாமாவைத் திட்டிக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். திட்டுவதில் நியாயமும் உண்டு. படகுச் சவாரி முடிந்ததும் மிதவைச் சட்டையை அவரவர் கையாலேயே அவரவர் நம்பர் ஆணியில் மாட்ட வேண்டும் என்பது அவர் சட்டம். மனைவியின் சட்டையைக் கணவன் கொண்டுவந்து நீட்டினால் வாங்க மாட்டார்.

"அவங்கள வரச் சொல்லுங்க."

"அவ கார்ல போய் உட்கார்ந்துட்டா."

"பரவாயில்ல, இறங்கி வரட்டும்."

நாற்பது ஆணியிலும் நாற்பது சட்டை தொங்க வேண்டும். மாட்டிய நாற்பது முகத்தையும் அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் விசில் ஊதிப் படகுத்துறையைப் பூட்டுவார். அவர் மேல் வந்த புகார்களுக்கென்றே அலுவலகத்தில் ஒரு ஃபைல் இருந்தது. படகுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நாற்பது'.

அவர் என் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை மலைக்கு விடுமுறை என்பதால் அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தலை குனிந்து சாப்பிடுவார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்.

மலை வாசலில் ஒரு வரலாற்றுப் பலகை உண்டு. 'இயற்கை எழில் கொஞ்சும் ஏரி' என்று அதில் எழுதியிருக்கிறது. எழிலும் இல்லை, கொஞ்சலும் இல்லை. அது ஏரியே இல்லை, கல்குவாரிக் குழி. மலையின் மேற்குப் பாதியை வெடி வைத்து உடைத்து, ரயில் தண்டவாளத்துக்கு ஜல்லியாக அனுப்பிவிட்டார்கள். குவாரியை மூடிய பிறகு குழியில் ஊற்றுத் தண்ணீர் ஏறியது. மொட்டைச் சரிவில் மரம் நட்டார்கள். கிழக்கே தப்பியிருந்த காட்டுக்குள் நடைபாதை போட்டார்கள். கல் அரைக்கும் இயந்திரம் நின்ற மேட்டில் இப்போது பார்வைக் கோபுரம். வெடி மருந்து வைத்திருந்த அறையில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். தண்ணீருக்கு மேலே செங்குத்தாக நிற்கும் மேற்குச் சுவருக்கு 'எதிரொலிப் பாறை' என்று பெயர். பிள்ளைகள் படகில் போய், அதைப் பார்த்துத் தங்கள் பெயரைக் கத்துவார்கள். பாறை திருப்பிச் சொல்லும். என் பிள்ளைகளும் கத்தியிருக்கிறார்கள்.

குவாரியாக இருந்த காலத்தில் என் அப்பா அங்கே பாறையில் துளை போடும் வேலை பார்த்தார். மாமாவுக்கு வாசலில் வேலை. ஆளுக்கொரு தகர வில்லை உண்டு, அதில் நம்பர் அடித்திருக்கும். உள்ளே போகும்போது மாமாவுக்கு முன்னால் இருந்த வருகைப் பலகையின் ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே வரும்போது கழற்ற வேண்டும். பலகையில் எத்தனை வில்லையோ, குழிக்குள் அத்தனை உயிர். அப்பாவின் நம்பர் பதினேழு.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு நாள் பகல் பன்னிரண்டரைக்கு மேற்குச் சுவர் சரிந்தது. பலகையில் மூன்று வில்லைகள் தொங்கின. இரண்டு நாளில் மூன்று பேரையும் எடுத்தார்கள். கணக்குச் சரியாகிவிட்டது என்று தோண்டுவதை நிறுத்தினார்கள். அப்பா வீட்டுக்கு வரவில்லை.

"மச்சான் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிட்டாரு. வெளிய போறதை நான் பார்த்தேன்" என்றார் மாமா.

அந்தப் 'பார்த்தேன்'தான் எங்கள் வீட்டின் தலையெழுத்து. வெளியே போனவன் வீட்டுக்கு வரவில்லை என்றால் எங்கே போனான்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒருத்தி கூடப் போனான் என்றார்கள். ரயிலில் பார்த்ததாகவும் ஒருவர் சொன்னார். அம்மா முதலில் அழுதாள், பிறகு நம்பினாள், பிறகு திட்ட ஆரம்பித்தாள். போட்டோவிலிருந்து அப்பாவைக் கத்தரித்து எடுத்தாள். என் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர் வர வேண்டிய இடத்தில் மாமா பெயரைப் போட்டாள். நானும் சம்மதித்தேன். செவ்வாய்க்கிழமைகளில் அம்மா பரிமாறிக்கொண்டே அப்பாவைத் திட்டுவாள். மாமா கிணற்றில் போட்ட கல்லாக உட்கார்ந்திருப்பார். அக்காவின் துக்கத்தை இப்படிப் பங்கு போட்டுக்கொள்கிற தம்பி எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று நான் நினைத்ததுண்டு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த வருடம் மழை பொய்த்தது. ஏரி வற்றி, படகுகள் தரை தட்டின. சேற்றை அள்ளி ஆழமாக்க ஆட்கள் வந்தார்கள். நான்காம் நாள் எதிரொலிப் பாறையின் அடியில் கற்களைப் புரட்டியபோது ஒரு சாப்பாட்டுத் தூக்குவாளி கிடைத்தது. அதன் பக்கத்தில் எலும்புகள்.

மேஸ்திரி வாளியை மாமாவிடம் கொண்டுவந்தார்.

"பெரியவரே, போலீஸ் கீலீஸ்னு போனா வேலை நின்னுடும். சேத்தோட சேத்தா லாரியில ஏத்திடவா?"

மூடியில் இரண்டு கோடு கீறியிருந்தது. மற்றவர்கள் வாளியோடு மாறிவிடக் கூடாது என்று அம்மா ஆணியால் கீறிய கோடு. சரி என்று மாமா தலையாட்டியிருந்தால் போதும், லாரி போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. இருபத்தாறு வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் அவர். ஆனால் அன்று தலையாட்டவில்லை. தானே போலீசுக்குப் போன் செய்தார். அவர்கள் பார்த்து எழுதிக்கொண்ட பிறகு, அக்காவிடம் காட்டி அடையாளம் கேட்க வேண்டும் என்று கெஞ்சி, ஒரு போலீஸ்காரர் துணையோடு வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நான் அன்று அங்கே இருந்தேன். அம்மா மூடியைத் தடவிப் பார்த்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

"நீ பார்த்தேன்னு சொன்னியே?"

"பார்க்கலக்கா."

பிறகு விட்டுவிட்டுச் சொன்னார். அன்று அப்பா எனக்குச் செருப்பு வாங்க அரை நாளில் கிளம்பியிருக்கிறார். குழியிலிருந்து ஏறும் பாதை வளைவில் வரும்போதே, "மச்சான், நான் வந்துட்டேன், என் வில்லையக் கழட்டிடு" என்று குரல் கொடுத்திருக்கிறார். இப்படிக் குரல் கொடுப்பதும், கழற்றிவிடுவதும் அவர்களுக்குள் வழக்கம்தான். மாமா கழற்றினார். வாளியை மறந்துவிட்டேன் என்று அப்பா அதே வளைவிலிருந்து திரும்பிப் போயிருக்க வேண்டும். மாமா தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"முதல் நாள் பயத்துல சொல்லிட்டேன். மூணாம் நாள் தோண்டறதை நிறுத்தும்போது வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

"அன்னிக்கு உயிரோட இருந்திருப்பாரா?" என்று கேட்டாள் அம்மா.

இன்றுவரை எங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தூக்கம் போனது அந்தக் கேள்வியால்தான்.

அம்மா சத்தம் போடவில்லை. "இருபத்தாறு வருஷம் அவரைத் திட்டினேன். நீ என் கையால வாங்கித் தின்னுக்கிட்டே கேட்டுட்டு இருந்தே" என்றாள்.

மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு தகர வில்லையை எடுத்து மேஜை மேல் வைத்தார். விளிம்பு தேய்ந்திருந்தது, நம்பர் தெரிந்தது. அம்மா அதைத் தொடவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"எடுத்துக்கிட்டு வா."

வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் வாளியைக் கொடுத்துவிட்டு, நாங்கள் மூவரும் மலைக்குப் போனோம். படகுத்துறையில் ஆணிகளில் சட்டைகள் தொங்கின. கீழே குழியில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அம்மா பதினேழாம் நம்பர் சட்டையைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"நீதானே கழட்டினே. நீயே மாட்டு."

மாமாவின் கை இரண்டு முறை ஆணியைத் தவறவிட்டது. நான் பிடித்து உதவியிருக்கலாம். உதவவில்லை. மூன்றாவது முறை வில்லை ஆணியில் விழுந்தது. அது ஆடி நிற்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதிரொலிப் பாறையைப் பார்த்துத் திரும்பி, தனக்குக் கல்யாணமான நாள் முதல் வாய்விட்டுச் சொல்லாத அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

பாறை திருப்பிச் சொன்னது. மாமா காதைப் பொத்திக்கொண்டார்.