நாற்பத்தைந்து ரூபா அறையும் ஏழு தட்டுச் சீரும்

1975 அக்டோபர் 18, சனிக்கிழமை, காலை 9.40. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. அஸ்கிரிய மேட்டில் மூட்டம் இன்னும் கலையவில்லை. நான் சாரத்தோடு முன் விறாந்தையில் நின்று, அலுவலகத்துக்குப் போடும் சட்டையை வாளியில் அலசிக்கொண்டிருந்தேன். கேற்றைத் திறந்து, குடையைச் சுருக்கியபடி உள்ளே வந்தவர் கனகசபை.

அவர் எங்கள் கண்டி மாநகரசபை அலுவலகத்தில் சோலைவரிப் பிரிவின் மதிப்பீட்டு உத்தியோகத்தர். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்து, அதன்மேல் வரி கணிப்பது அவர் வேலை. அவர் எழுதியதைப் பதிவேட்டில் பிரதி பண்ணுவது என் வேலை. ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்று சனிக்கிழமைகளில்தான் வருவார்.

“ரத்தினம், நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?”

வீட்டுக்காரர் முத்தையா முதலாளி பின்னாலிருந்து வந்தார். கொழும்பு வீதியில் பலசரக்குக்கடை வைத்திருந்தவர். விலை சொல்லத் தயங்கி அறியாதவர்.

“நம்ம மச்சான்தான் சார். வீட்டுக்காரியோட கூடப்பொறந்த தம்பி.”

சட்டை வாளிக்குள் விழுந்தது.

அறை கிடைத்த விதம்

அந்த வருடம் ஜனவரியில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். கைக்கு வரும் சம்பளம் 318 ரூபா. தெல்தோட்டைக்கு, வீட்டுக்கு 120. சாப்பாட்டுக் கடைக்கு 90. மிச்சம் 108. கட்டுக்கலையில் பார்த்த அறைக்கு வாடகை 110. இரண்டு ரூபா துண்டு விழுந்தது. சவர்க்காரமும் முத்திரையும் இதில் சேரவில்லை. தெல்தோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பார்த்தேன். இரண்டாம் வாரமே, பிந்தி வந்ததற்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்தது.

முத்தையா முதலாளி 45 ரூபாவுக்கு முன் அறையைத் தந்தார். ஒரு நிபந்தனை.

“ரசீது மட்டும் கேக்கப்படாது. ரசீது குடுத்தா அப்புறம் உங்கள எழுப்ப முடியாது, சட்டம் உங்க பக்கம். உங்க ஆபீஸ்காரங்களும் வாடகை வருதுன்னு வரிய ஏத்திருவாங்க. யாராச்சும் கேட்டா சொந்தக்காரன்னு சொல்லிருங்க.”

“என்ன சொந்தம்?”

“அது வர்றப்ப பாத்துக்கலாம்.”

வரிப் பிரிவுக் கிளார்க்கிடமே இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. கேட்டுக்கொள்ள எனக்கும் இல்லை. நாற்பத்தைந்து ரூபா அப்படிப்பட்டது. நிரப்பாத படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. அன்று போட்டதற்குச் சமம்.

தேத்தண்ணி

சரி, சட்டை வாளிக்குள் கிடக்கிறது. சத்தம் கேட்டு முத்தையாவின் மனைவி சிவகாமி வெளியே வந்தார். முந்தின நாள் வரை நான் அவருக்கு ‘கிளார்க்கையா’.

“டேய் ரத்தினம், சார் நிக்கிறாரு பாரு. கதிரையத் தூக்கிட்டு வா. அப்படியே அடுப்புல தண்ணி வை.”

தண்ணி வைத்தேன். தேத்தண்ணி ஊற்றி வந்து நீட்டினேன்.

“அக்காவுக்கு மாசம் ஏதும் குடுக்கிறீரோ?” என்றார் கனகசபை.

எனக்கு முன்னால் சிவகாமி பதில் சொன்னார். “நல்லாயிருக்கு சார். அக்கா வீட்ல இருக்க எந்தத் தம்பியாச்சும் வாடகை குடுப்பானா?”

திங்கட்கிழமை கனகசபை எழுதிய குறிப்பை நானே பிரதி பண்ணினேன். உரிமையாளரும் குடும்பமும். வாடகைக்காரர் இல்லை. வரி பழையபடி.

ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லியிருக்கலாமே என்று முத்தையாவிடம் கேட்டேன்.

“என் பக்கத்து ஆளுங்கள டவுனுக்கே தெரியும். அவ பக்கம் யாரு இருக்கா? இருந்த ஒரு தம்பியும் தலைமன்னார்ல கப்பலேறி இந்தியாவுக்குப் போயிட்டான். எடம் காலியாத்தான கெடக்கு.”

அந்தக் காலி இடத்தின் விலை அப்போது எனக்குத் தெரியாது. அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள்.

ஏழு தட்டு

1976 பெப்ரவரியில் மூத்தவள் பெரிய பிள்ளையானாள். சடங்குக்கு நாள் குறித்தார்கள். சிவகாமி என் அறை வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, ஏழு தட்டு வைக்கணும்.”

“எனக்குச் சம்பளம் முன்னூத்திப் பதினெட்டு.”

“சம்பளத்த விசாரிச்சா தாய்மாமன் சீர் வைக்கிறாங்க?”

“நாலு வைக்கிறேன்.”

“நல்ல காரியத்துக்கு ரெட்டப்படையா?”

“சரி, அஞ்சு.”

“அஞ்சு தட்டப் பாத்தா கனகசபை சார் என்ன நெனைப்பாரு?”

முத்தையா அவருக்கும் பத்திரிகை வைத்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் கனகசபை என் மேசைக்கு வந்து கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“எனக்கும் சொல்லியிருக்கினம். வாறன். தாய்மாமன் என்ன கொண்டு வாறார் எண்டு பாக்கத்தானே வேணும்.”

“வாங்க சார்.”

“போன வருசம் அறை ஒண்டு இருக்கோ எண்டு கன்ரீன்ல எல்லாரிட்டையும் கேட்டுத் திரிஞ்சனீர். அப்ப அக்காவின்ர ஞாபகம் வரேல்லையோ?”

“அப்ப நாங்க கோவமா இருந்தோம் சார்.”

“ஓ.”

அந்த ‘ஓ’ மூன்று இரவுகள் என் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கு இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. உத்தியோகத்தர் முன்னால் பொய் சொன்னவன் என்று அவர் ஒரு வரி எழுதினால் வேலை நிரந்தரமாகாது. வேலை போனால் தெல்தோட்டைக்குப் போகும் 120 ரூபாவும் போய்விடும்.

நலன்புரிச் சங்கத்தில் கடன் எடுத்தேன். சேலை 140. தோடு 390. தேங்காய், பழம், இனிப்பு வகைகள் 76 ரூபா 50 சதம். மொத்தம் 606.50. நாதஸ்வரக்காரர் முன்னே போக, முதல் தட்டை நானே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படியேறினேன். மற்ற ஆறையும் அக்கம்பக்கத்துப் பெண்கள் எடுத்து வந்தார்கள். கனகசபை முன்வரிசையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்:

“ஏழு. வாடகைக்கு இருக்கிறவன் இவ்வளவையும் தூக்கமாட்டான். இவர் சொந்தத் தம்பிதான்.”

தட்டை இறக்கி வைத்தபோது சிவகாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கனகசபை பார்ப்பதற்காகத்தான் என்று அப்போது நினைத்தேன்.

மார்ச் முதலாம் திகதி

வழக்கம்போல முத்தையா வாடகைக்குக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

“அக்கா வீட்ல இருக்க எந்தத் தம்பியாச்சும் வாடகை குடுப்பானா, அத்தான்?”

குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிறகு சிரிப்புச் சத்தம்.

“அவன் கேக்கிறது சரிதான?” என்றார் சிவகாமி உள்ளேயிருந்து.

“என்னடி சரி? நாப்பத்தஞ்சு ரூபா!”

“மச்சான்னு சொன்னது யாரு? நானா?”

முத்தையா என்னையும் குசினிப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே போய்ச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் வரி ஏறும். அதற்குப் பிறகு நான் வாடகை கொடுக்கவே இல்லை. ஒரு வாரம் எனக்குள் சிரித்துக்கொண்டே அலுவலகம் போனேன்.

சிரிப்பு அடுத்த வருடம் வரைதான். இரண்டாமவளின் சடங்குக்கு 1,140 ஆனது. அதற்குள் சாமான் விலையெல்லாம் ஏறி, 1979இல் மூன்றாமவளுக்கு 2,385 ஆனது. தீபாவளிச் சட்டை, பள்ளிக்கூடக் கொப்பி, பொங்கல், கண்ணாடி வளையல் என்று சில்லறையாகப் போனது 2,013 ரூபா 50 சதம். இடையில் என் வேலை நிரந்தரமானது. சிபாரிசுக் கடிதத்தில் ‘குடும்பப் பொறுப்புள்ளவர்’ என்று கனகசபை எழுதியிருந்தார்.

1980 ஏப்ரலில் எனக்குக் கல்யாணம். வீட்டைக் காலி செய்யும் முன் கணக்கை முடித்து அக்காவிடம் காட்டினேன். முதலில் கொடுத்த பதினான்கு மாத வாடகை 630ஐயும் சேர்த்து என் செலவு 6,775 ரூபா. கட்டுக்கலை அறையில் இருந்திருந்தால் அறுபத்துநான்கு மாதத்துக்கு 7,040. அங்கே வாடகை கூடவில்லை, விசாரித்துவிட்டுத்தான் எழுதினேன்.

“எனக்கு எரநூத்தி அறுபத்தஞ்சு ரூபா லாபம்” என்றேன்.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. “தாலியில மூணாவது முடிச்சு யாரு போடுறது?”

“நீங்கதான்.”

“முடிச்சுப் போடுற நாத்தனாருக்குச் சேல யாரு எடுக்கிறது?”

இன்று கண்டியில் அறை தேடி அலைகிற இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வாடகையைப் பிறகு பேசுங்கள். என்ன உறவு என்பதை முதலில் பேசி முடியுங்கள். சித்தப்பா மகன் என்றால் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். பெண்சாதியின் தம்பி என்றால் கடன் விண்ணப்பத்தையும் அன்றே வாங்கி வையுங்கள்.

சேலை 290 ரூபா. கரை சின்னது என்று குறை சொல்லிக்கொண்டே அதைக் கட்டி வந்து, முடிச்சை இறுக்கிப் போட்டார். ஆக மொத்தம் 7,065 ரூபா. கட்டுக்கலை அறையைவிட இருபத்தைந்து ரூபா கூட.