இரண்டாம் கதவில் ஒரு மஞ்சள் ஷால்

பொதுக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்கிறவள் முதலில் கற்றுக்கொள்வது, வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதை. காலைப் பார்த்தால் போதும், அவசரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஸ்டாப், அடுத்த ஸ்டாப் என்று உட்கார்ந்திருந்த பெண்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் இடம் அமரவிளை தாண்டி, பாறசாலை போகும் ஹைவே ஓரம். முன்பு ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் இருந்தது. ரோட்டை அகலமாக்கியதில் எங்கள் பக்கம் போயிற்று. மிச்சமிருந்த இரண்டு அறைகளின் மேல் 'எல்லோருக்கும்' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி மாட்டிவிட்டார்கள். பெண்கள் குழுவின் சார்பில் கழுவுவதும் காப்பதும் நான்தான். பலகை ஏறிய நாளிலிருந்து வருகிறவர்களின் கருத்துகளும் என் தலையில்தான் விழுகின்றன.

வீட்டில் மட்டும் என்ன?

நர்சிங் படிக்கும் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி பலகையைப் பார்த்துத் தயங்கினாள். மற்றவள் தைரியசாலி. "இதில என்ன இருக்கு? வீட்டில நமக்குத் தனியா, அச்சனுக்குத் தனியாவா கெட்டிப் போட்டிருக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். அவளுக்கு முன்னால் போன லாரிக்காரர் இருக்கையைத் தூக்காமலேயே காரியத்தை முடித்திருந்தார்.

நான் வாளியும் துடைப்பமுமாகப் போய்க் கழுவிக்கொடுத்தேன். தைரியசாலி மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, தயங்கியவள் அவள் தோளைத் தட்டிச் சொன்னாள்: "எங்க அச்சன் இப்பிடிச் செய்தா அம்மை சோறு குடுக்க மாட்டா, கேட்டியா!"

கைத்தாங்கல்

இதைக் கேட்டு, எல்லாப் பெண்களும் இந்தப் பலகையைத் திட்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரியங்கோட்டிலிருந்து ஒரு அம்மா மாதம் தவறாமல் ஆட்டோவில் வருவார். கணவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். இப்போது வலது கையும் காலும் விளங்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இங்கே இறங்கி, அவரை அணைத்துப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தானே எல்லாம் செய்து வெளியே கொண்டுவருவார்.

மற்ற இடங்களில் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். வாசலில் நின்று முகம் தெரியாத ஆண்களிடம் கெஞ்ச வேண்டும் என்றார். கணவரின் வேட்டியைச் சரிசெய்தபடியே சொன்னார்: "ஆம்பிளைக்குள்ளதில என்னைய விட மாட்டாவ, பொம்பளைக்குள்ளதில இவர விட மாட்டாவ. எங்க ரெண்டு பேருக்குமா உள்ளது இது ஒண்ணாக்கும்."

பிலோமினாவின் காய்ந்த தொண்டை

பொழியூரிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் பிலோமினா அக்கா. விடியற்காலையில் கடற்கரையில் மீன் எடுத்து, தலையில் சருவப் பாத்திரத்தோடு வீடு வீடாக நடந்து, உச்சி வெயிலில் என் நிழலில் வந்து இறக்கிவைப்பார். பெண்கள் பக்கம் இருந்த காலத்தில் என் குடத்தில் பாதி அவருக்குத்தான். அது இடிபட்ட பிறகு வெளியில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. நான் நீட்டினால் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவார். நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். இப்படியே போனால் கிட்னி கெட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியும் ஆயிற்று.

கழுவித்தான் வைத்திருக்கிறேன், கதவின் கொண்டி உறுதியாக இருக்கிறது, வாசலில் நானே நிற்கிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் பயம்தான், கோபமாக வந்தது. அவர் நிதானமாகச் சொன்னார்: "கொண்டி கெடக்கட்டும் மக்கா. நான் வெளிய எறங்கும்போ ஒருத்தன் நிண்ணு எனக்க மொகத்தப் பாப்பான். பின்னே அவனுக்க வீட்டு முற்றத்தில போயி நான் எப்பிடி மீன் விக்க?"

வயிறு சரியில்லாதவள்

எங்கள் அறைகளுக்குள் துணி மாட்ட ஒரு ஆணி கிடையாது. சுரிதார் போட்ட பெண்கள் ஷாலைக் கதவின் மேல் போட்டுவிடுவார்கள், பாதி வெளியே தொங்கும். அதைக் கண்டால் எந்த ஆணும் அந்தக் கதவுப் பக்கம் வருவதில்லை. மற்ற கதவுக்கு எதிரே தள்ளி நின்று போனைப் பார்ப்பான். இதைக் கவனித்த நான், என் மகளின் பழைய மஞ்சள் ஷாலை எடுத்து இரண்டாம் கதவில் போட்டேன். அறை காலி, ஆனால் ஒருவரும் அண்டவில்லை. பிலோமினா அக்காவிடம், "இனி உங்களுக்குண்ணு ரெண்டாங்கதவு உண்டு, நாளைக்கு வெள்ளம் குடிச்சிட்டு வாங்க" என்றேன். ஷால் விஷயத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் ப்ளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டு திரும்பினால், இரண்டாம் கதவின் முன் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தியும் தட்டவில்லை. உள்ளே இருப்பவளை அவசரப்படுத்துவது பாவம் என்று நம்மவர்களுக்கு எண்ணம். வரிசையின் கடைசியில் பிலோமினா அக்கா, சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, கண்ணில் நீரோடு. என்னை நம்பிக் குடித்துவிட்டு வந்திருந்தார். நான் ஓடிப்போய் ஷாலை இழுத்துக் கதவைத் தள்ளினேன். காலி அறையைக் கண்டு எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒதுங்கி, அக்காவை முதலில் உள்ளே விட்டார்கள். முன்னால் நின்ற பெண்மணி என்னைப் பார்த்துச் சொன்னார்: "அகத்து உள்ள பிள்ளைக்கு வயிறு செரியில்ல போலண்ணு பாவப்பட்டுல்லா நான் நிண்ணேன்!"

முடிச்சு

வெளியே வந்த அக்கா என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார் என்று நின்றேன். அவரோ ஷாலை வாங்கி, வெளியே தொங்கும் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டார். முடிச்சு இருந்தால் அறை காலி. போகிறவள் அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் திரும்ப முடிச்சுப் போட வேண்டும். மீன் கொடுக்கும் வீடுகளிலெல்லாம் அடுக்களை வாசலில் நின்று இதைச் சொல்லிவிட்டார். ஆரியங்கோட்டு அம்மாவுக்கு நான் சொன்னேன், அவரும் முடிச்சை அவிழ்த்துவிட்டுத்தான் கணவரைக் கூட்டிப்போகிறார். மற்ற ஆண்களிடம் யாரும் சொல்லவில்லை.

சென்ற வாரம் பக்கத்து டீக்கடைக்காரர் என்னிடம் வந்து, இரண்டாம் கதவைக் காட்டி, மெய்யான கவலையோடு கேட்டார்: "எப்பப் பாத்தாலும் அந்த மஞ்ச ஷாலுக்காரி உள்ளதான் இருக்கா. அவளுக்கு என்ன சீக்கு?" பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பிலோமினா அக்காவுக்குப் புரையேறிவிட்டது. டீக்கடைக்காரர் போகும்வரை இருமிவிட்டு, காலி டம்ளரை என்னிடம் நீட்டினார்: "அவளுக்குச் செரியாவ வேண்டாம் மக்கா. நீ இனியும் கொஞ்சம் வெள்ளம் ஊத்து."

ஆக, 'எல்லோருக்கும்' என்று எழுதிய இடத்தில் எங்களுக்கென்று ஒரு கதவு கிடைத்திருப்பது, உள்ளே இல்லாத ஒருத்திக்கு வயிறு சரியில்லாததால்தான்.