பனியில் கடல் காட்டிய சிவதாணு

பொன்முடிச் சாலையின் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் சிவதாணு இடுப்பால்தான் எண்ணுவார். உடம்பு ஒன்பதாம் முறை சாய்ந்து நிமிர்ந்ததும், “வலத்தே பாருங்கோ, தேயிலை தொடங்கியாச்சு” என்பார். பயணிகள் திரும்புவார்கள். தேயிலை இருக்கும்.

திருவனந்தபுரத்துச் சுற்றுலா வேன் ஒன்றில் பதினாறு வருஷமாக வழிகாட்டி. காலையில் மலை, மாலையில் விழிஞ்ஞத்துக் குடைவரைக் கோயிலும் கோவளம் கடலும். பழைய அரசர்களைப் பக்கத்து வீட்டுக்காரர் போலச் சொல்வார்: “ஆளு நல்லவனாக்கும். பின்னே, தேஷ்யம் வந்தா தலை போச்சு.”

இரண்டு வருஷமாக அவருக்கு உலகம் வெறும் வெள்ளைக் கலங்கல். நரம்பு பட்டுப்போயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மனைவி கோமதியம்மாளுக்கும் டிரைவர் நேசையனுக்கும் மட்டுமே தெரியும். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இறங்கும் இடங்களில் நேசையன் கண்ணில் படுவதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே அவரை ஒட்டி நடப்பான்.

போன ஐப்பசியில் ஒரு நாள், உச்சிக்குப் போனதும் நேசையன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிப் போய்விட்டான். சிவதாணு வழக்கம்போல் கையை நீட்டினார்.

“மேற்கே பாருங்கோ. வெள்ளிக் கம்பி போல மின்னுதில்லியா? அதாக்கும் கடல். மலையில நின்னு கடலைக் காணுத பாக்கியம் வேற எங்க கிட்டும்?”

மதுரைக்காரர் ஒருவர் சிரித்தார். “என்னண்ணே வெளையாடுறீங்களா? பக்கத்துல நிக்கிற ஆளே தெரியல. எங்கிட்டுப் பாத்தாலும் பனி.”

எல்லாரும் சிரித்தார்கள். சிவதாணுவும் சிரிக்கப் பார்த்தார். பனி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு எல்லா நாளும் இப்படித்தானே. நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரு பெண் அருகே வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஐயோ, இவருக்குக் கண்ணு…”

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. அதற்குச் சிரிப்பே தேவலை என்றிருந்தது அவருக்கு.

“ஆபீஸ்ல சொல்லத்தான் வேணும்” என்றார் மதுரைக்காரர். “பிள்ளகுட்டியோட வந்திருக்கோம். காலை எங்கயாச்சும் தப்பா வைக்கச் சொன்னா?”

நேசையன் ஓடிவந்தான். “அண்ணாச்சி, நான் வாறதுக்குள்ள…”

“விடுடே. இன்னைக்கில்லாட்டி நாளைக்கு.”

மலையிறங்கினார்கள். விதுரா சந்தையில் வேன் மெதுவாக ஊர்ந்தது. “இது என்ன ஊருங்க?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். கருவாட்டு வாடையிலேயே அவருக்கு ஊர் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். பிறகு நேசையன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “நீயே சொல்லுடே” என்றார்.