கோட்டோரத்துக் கால்

சிஞ்ஞோரே (ஐயா) என்று நான் கூப்பிட்ட இத்தாலியக் கிழவரின் டேப்லெட் இப்போது என் சமையலறை மேசையில் இருக்கிறது. திரையின் கீழ்ப்பக்கத்தில் அவருடைய சுட்டுவிரல் போய்ப் போய் வந்த எண்ணெய்த் தடம் ஒன்று உண்டு. ஊரார் வீடெல்லாம் துடைத்துப் பிழைக்கிற நான் அதை மட்டும் துடைக்கவில்லை.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் நாலாம் மாடியில் தனியாக இருந்த அவரை ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன். இதே பலேர்மோ நகரில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போய், கிழவராகத் திரும்பி வந்தவர். அங்கே கல்லூரிக் கால்பந்தில் வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவராக இருந்தார். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையால்தான் பிடிக்கிறார்கள். கோட்டோரத்தில் ஒருவன் துள்ளிப் பிடித்தால், அவனுடைய ஒரு காலாவது முதலில் கோட்டுக்கு உள்ளே பட வேண்டும். மைதானத்து நடுவர் தன் கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுவார். மேலே அறையில் இருக்கும் இவர் வீடியோவை மெல்ல மெல்ல நகர்த்திப் பார்த்து, அது பிழை என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தால் மட்டும் மாற்றலாம். இல்லாவிட்டால் கீழே சொன்ன தீர்ப்பு நிற்கும். மத்தியானம் முழுக்கப் பழைய ஆட்டங்களை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு, "எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள், நான் காலைப் பார்ப்பேன்" என்பார். ஒரு பொய்த் தீர்ப்பும் சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெரிய கர்வம். சூப்பில் உப்புக் கூடினாலும் முகத்துக்கு நேரே சொல்லுகிற மனிதர்.

அந்தத் துணிச்சலில்தான் என் கைபேசியில் இருந்த வீடியோவை அவரிடம் காட்டினேன். அதில், எங்கள் நாட்டு யுத்தத்தின் கடைசி நாட்களில் சரணடைந்தவர்களைப் பேருந்தில் ஏற்றுகிறார்கள். மூன்றாவதாக ஏறுகிறவனின் முகம் தெரியாது. அது காணாமற்போன என் அண்ணன்தான் என்பது அம்மாவின் தீர்ப்பு. மன்னாரிலிருந்து ஞாயிறு தவறாமல் போன் எடுத்து, "அவன் உயிரோடை பஸ் ஏறினவன் பிள்ளை, எங்கையோ வச்சிருக்கிறாங்கள்" என்பார். எனக்கு அந்த நம்பிக்கையும் இல்லை, இல்லையென்று சொல்லத் தைரியமும் இல்லை.

சிஞ்ஞோரே மூன்று நாள் பார்த்தார். இரண்டாம் நாள், அண்ணனின் காலில் ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டார். இடது காலில் சுண்டுவிரல் இல்லை, பத்து வயதில் வள்ளத்து நங்கூரம் விழுந்து போனது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாற்றுவதற்கு ஆதாரம் போதாது. உன் அம்மாவின் தீர்ப்பு நிற்கிறது."

அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். "அந்தப் பெரியவர் நல்லா இருக்கவேணும்" என்று அழுதார். அடுத்த பூசையில் அவர் பெயருக்கு மெழுகுதிரி ஏற்றினாராம்.

போன மாரியில் சிஞ்ஞோரே இறந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த மகள் டேப்லெட்டை எனக்கே கொடுத்துவிட்டாள். உள்ளே ஆட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடியோவும் கிடந்தது. ஒரு வினாடியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி வைத்திருந்தார். பேருந்துப் படியில் மூன்றாவதாக ஏறுகிறவனின் வெறுங்கால், இடது கால். ஐந்து விரல்களும் இருந்தன. இத்தனை வருடமும் நாங்கள் முகத்தையே தேடிக்கொண்டிருந்தோம்.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவருடைய கையைப் பிடித்துக் கொஞ்சவும் வேண்டும்போல் இருந்தது. அண்ணன் அந்தப் பேருந்தில் ஏறவில்லை என்றால் எங்கே கிடந்தான் என்று கேட்க இனி ஆளில்லை.

இன்று ஞாயிறு. அம்மா எடுத்திருக்கிறார்.

"அந்தப் பெரியவற்றை தீர்ப்பு இப்பவும் நிக்குதுதானே பிள்ளை?"

"ஓம் அம்மா, நிக்குது."

சொல்லும்போதே என் விரல் திரையில் சிஞ்ஞோரேயின் தடத்தின் மேல் முன்னும் பின்னும் போகிறது. எத்தனை முறை இழுத்தாலும் ஐந்துதான்.