கேமராவைப் பார்க்கும் அமுதவல்லி அக்கா

எங்கள் வீதியில் பிள்ளைகள் வீடியோ எடுக்க ஆரம்பித்ததிலிருந்து, கெட்டுப்போன காட்சிகளில் பெரும்பாலானவை ஒரே ஆளால்தான் கெட்டன. எதிர்வீட்டு அமுதவல்லி அக்கா. சைக்கிள் கடையைப் படம் பிடித்தால் பஞ்சர் ஒட்டுகிறவருக்குப் பின்னால் வந்து நிற்பார். காய்கறி வண்டியை எடுத்தால் தராசுக்குப் பக்கத்தில் நிற்பார். குறுக்கே நடந்து போனாலும் பரவாயில்லை. நின்று, திரும்பி, கேமராவையே நேராகப் பார்ப்பார். பட்டுச்சேலை வேறு. முருங்கைக்கீரை வாங்குவதற்கு எந்த ஊரில் பட்டுச்சேலை கட்டுகிறார்கள் என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். அக்கா சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

வீடியோ எடுப்பது இரண்டு பேர். என் மகள் இனியா, பிளஸ் டூ படிக்கிறாள். பக்கத்து வீட்டு அரவிந்த்குமார் அவளுக்கு ஒரு வகுப்பு கீழே. புதுக்கோட்டை என்று போனில் தேடினால் சித்தன்னவாசல் ஓவியமும் அரண்மனையும்தான் வருகிறதாம், நாம் குடியிருக்கும் வீதிகளை ஒருத்தரும் காட்டுவதில்லையாம். இனியாவுக்கு இதில் அப்படி ஒரு கோபம். அதனால் ‘மேல நாலாம் வீதி’ என்று சேனல் தொடங்கி, ஞாயிறுதோறும் ஒரு வீடியோ போட்டார்கள். பரோட்டாக் கடை, தேய்ப்பு வண்டி, மழை பெய்தால் குளமாகிவிடும் முக்கு, எல்லாம் வந்தன. படிக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று நான் கத்தினேன். கத்திவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பதும் நான்தான்.

அந்த இரண்டு பேருக்கும் ஒரு சட்டம் உண்டு. யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது. அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும், அப்போதுதான் வீதி வீதியாகத் தெரியுமாம்.

“கேமராவப் பாக்காதீங்க பெரியம்மா,” என்பான் அரவிந்த்குமார்.

“சரிப்பா, சரிப்பா,” என்பார் அக்கா. அடுத்த நிமிடம் மறுபடி அப்படியே பார்ப்பார். இனியா வீட்டுக்கு வந்து, முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பகுதியை மொத்தமாக வெட்டிவிடுவாள். வாராவாரம் அக்கா வந்து நிற்பதும், வாராவாரம் வெட்டுப்படுவதும் வழக்கமாகிவிட்டது.

அக்காவுக்குப் பிறந்த ஊர் பொன்னமராவதிப் பக்கம். கணவர் நாகராசு அண்ணன் பஸ் கண்டக்டர். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பு வந்து போய்விட்டார். அதற்கப்புறம் அக்கா முன்னறையில் பெரிய கிரைண்டரைப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். எங்கள் வீதியில் பாதி வீட்டு இட்லி அவர் கை மாவுதான். ஆனால் வந்தவர்கள் வண்டியை நிறுத்தாமலே பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். “இன்னைக்கு விடிஞ்சதுலேருந்து புளிச்ச மாவா, புளிக்காத மாவான்னு கேட்டதத் தவிர ஒரு பேச்சுப் பேசல கலைமதி,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. வாடகைக்கு விட்டால் பேச்சுத்துணைக்கு ஆளாவது இருக்குமே என்றால், காதில் வாங்கவே மாட்டார்.

அந்த அறை பிரசாந்துடையது. ஒரே மகன். ஏசி மெக்கானிக். நர்ஸ் வேலை பார்க்கும் பிளெஸ்ஸியை விரும்பி, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடித்து, மாலையும் கழுத்துமாக வீட்டுக்குக் கூட்டி வந்தான். அக்கா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, “இனிமே எம் மூஞ்சில முழிக்காத,” என்று வீதிக்கே கேட்கக் கத்தினார். கையில் ஒரு பையோடு அந்தப் பெண் வெயிலில் நின்றது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கலாம். அக்கா செய்தது கொடுமைதான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அவனும் அவர் வயிற்றில் பிறந்தவன்தானே, அதே பிடிவாதம்! அன்றைக்குப் போனவன் அம்மாவின் நம்பரை பிளாக் செய்தான். மனைவியோடு துபாய்க்குப் போனான். வருசக்கணக்கில் ஒரு தகவல் இல்லை. கோபத்தில் சொன்ன சொல்லை இப்படியா ஒரு பிள்ளை கட்டிக் காப்பாற்றுவான்?

ஒருநாள் சாயங்காலம் அக்கா போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இனியா டியூஷனுக்குப் போயிருந்தாள்.

“கலைமதி, இதுல என்ன எழுதிருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா. தமிழ்தான்னு இனியா சொல்லுது. ஆனா இங்கிலீஷ் எழுத்தால்ல இருக்கு.”

பிள்ளைகள் போட்ட வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கமென்ட். ‘ராயல் ரைடர்’ என்று ஒரு பெயர். கூலிங்கிளாஸ் போட்ட ஒரு முகம், சுண்டைக்காய் அளவில். நான் படித்தேன்: “தம்பி, வாட்டர் டேங்க் பக்கத்துல ஒரு கொய்யா மரம் நிக்குமே, இருக்கா? அடுத்த வாரம் காட்டுங்க.”

“யாருக்கா இது?”

“தெரியல? எம் மவன்.”

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“கண்ணாடி மாட்டிக்கிட்டா பெத்தவளுக்குத் தெரியாமப் போயிருமா? வாராவாரம் பாக்குறாம்மா. ஒண்ணு விடாமப் பாக்குறான். நான் கூப்புட்டா எடுக்க மாட்டான். இதுக்குள்ள நான் வந்துட்டா, என்னையப் பாத்துத்தான ஆகணும்?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கேலி பேசிய பட்டுச்சேலை எல்லாம் அந்தப் பையனுக்காகக் கட்டியது. கேமராவைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்திருக்கிறார்.

இனியா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். “அடுத்த வாரம் மாவுக்கடை. அக்கா கேமராவப் பாத்துத்தான் பேசும். உங்க சட்டத்தத் தூக்கி மூலையில போடுங்க.” அவளுக்கும் முகம் மாறிவிட்டது. உடனே அரவிந்த்குமாரைக் கூப்பிடப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மாவு அரைப்பதை, பாக்கெட் கட்டுவதை எல்லாம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். “இந்த வீதிக்கு வாறவங்ககிட்ட என்ன சொல்வீங்க பெரியம்மா?” என்று இனியா கேட்டாள்.

அக்கா நேராகக் கேமராவைப் பார்த்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “மாடி ரூம்பக் கூட்டித் தொடச்சுதான் வச்சிருக்கேன். ஃபேனும் புதுசு. யாரக் கூட்டிக்கிட்டு வந்தாலும் வரலாம். அந்தப் புள்ளைக்கு என்ன புடிக்கும்னு தெரியாது எனக்கு. வந்து சொன்னா சமைச்சுப் போடுவேன்.”

இனியா இந்தத் தடவை ஒரு வார்த்தையைக்கூட வெட்டவில்லை.

அதுவரை அவர்கள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்த வீடியோதான். கீரனூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து மாவு வாங்கிப் போனார்கள். அக்காவோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். கீழே கமென்ட் வந்து குவிந்தது. அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நான் படிக்கப் படிக்க, “அது வேணாம், அடுத்தது,” என்பார். சூப்பர் அம்மா, வாழ்த்துக்கள் அம்மா, உங்களைப் பார்த்தால் என் அம்மா ஞாபகம் வருகிறது அம்மா. ஊரான் பிள்ளைகள் எல்லாம் அம்மா என்று எழுதியிருந்தார்கள். ராயல் ரைடர் எழுதவில்லை.

அடுத்த வாரம் சந்தையைப் பற்றிய வீடியோ போட்டார்கள். அதிலும் அவன் இல்லை. அதற்கடுத்த வாரம் வாட்டர் டேங்க்கையும் அவன் கேட்ட கொய்யா மரத்தையும் இனியா வேண்டுமென்றே காட்டினாள். அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. வேலை அதிகமாக இருக்கும், லீவு கிடைத்திருக்காது என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வதை அவர் நம்பவில்லை, நானும்தான் நம்பவில்லை.

மறுநாள் காலையில், மாவுக் கையைக்கூடக் கழுவாமல் வந்தார்.

“இனியா, அந்த வீடியோவ எடுத்துரு தாயி.”

“ஏன் பெரியம்மா? எல்லாரும் அதத்தான் பாக்குறாங்க.”

“அவன் பாக்கல. என்னையப் பாத்ததும் போயிட்டான். எடுத்துட்டா வருவான்.”

இனியா அழுதே விட்டாள். அது நல்ல வீடியோ, அவள் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அதற்கு வந்த பாராட்டும் கொஞ்சநஞ்சமில்லை. அழி, அழிக்காதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவளாகத்தான் போனை எடுத்தாள், அவளாகத்தான் அழித்தாள். அக்கா பக்கத்திலேயே நின்று, போய்விட்டதா, முழுசாகப் போய்விட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீதியில் கோலப்போட்டியைப் படம் பிடித்தார்கள். அக்கா முன்கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் பதிவாகிவிடக் கூடாதென்று கிரைண்டரையும் நிறுத்திவிட்டார். அத்தனை பெண்களும் வெளியே குனிந்து நிமிர்ந்து கொண்டிருக்க, அந்த ஒரு வீடு மட்டும் ஆளில்லாத வீடு போல நின்றது. வீடியோவிலும் அப்படித்தான் தெரிகிறது.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்து போனை நீட்டினார். கூலிங்கிளாஸ் போட்ட சின்ன முகத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். “நம்ம வீதி கோலம் செம தம்பி. கண்டினியூ பண்ணுங்க,” என்று எழுதியிருந்தான். படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். நம்ம வீதி என்றா எழுதியிருக்கிறான் என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகமெல்லாம் மலர்ந்து போயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதுகிறேன் என்று அவனுக்குப் பதில் அடிக்கப் போனேன். அக்கா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணும் எழுதிப்புடாத கலைமதி. நான் இங்கிட்டு இருந்து பாக்குறது தெரிஞ்சா, திரும்பவும் போயிருவான்.”